மூக்குத்தி போட்ட மீனும் ஹாலந்துச் சம்பந்திகளும்

துர்கை துணை

பாலிகஞ்ச், கல்கத்தா
அக்ரஹாயண மாதம், துவாதசி, காலை

அன்புத் தம்பி துலு என்கிற சிரஞ்சீவி பிரசூனுக்கு,

உன் அக்கா நீலிமா எழுதுவது. நீயும் உன் மனைவியும் குறைவில்லாமல் இருக்க அன்னையை வேண்டுகிறேன். இங்கு முழங்காலைத் தவிர நான் நலம். முழங்காலைப் பற்றி எழுத இன்று நேரமில்லை.

தினமும் காலையில் கைப்பேசியில் நீ அனுப்பும் கட்டைவிரல் படம் தவறாமல் வந்துகொண்டிருக்கிறது. கட்டைவிரலுக்கு எப்படிப் பதில் எழுதுவது என்று எங்கள் கான்வென்டில் கற்றுத்தரவில்லை. ஆகையால் தாளும் பேனாவும் எடுத்து முழு வாக்கியங்களில் எழுதுகிறேன். மாடி வீட்டுக் கேயாவின் கணவர் இன்று மாலை ரயிலில் உங்கள் சிலிகுரிக்கு வருகிறார். அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அவரை வாசலில் நிறுத்தி வைக்காமல் உள்ளே கூப்பிட்டுத் தேநீர் கொடு. பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து படி. நின்றுகொண்டு படிக்கிற விஷயம் இல்லை.

விஷயம் இதுதான். உடனே புறப்பட்டு வந்து உன் வருங்காலச் சம்பந்திகளை இங்கிருந்து அழைத்துக்கொண்டு போ. உன் பெண் தோர்ஷாவிடம் இந்தச் சம்பந்தம் நமக்கு ஒத்துவராது என்று சொல்லிவிடு. பையன் யோஸ்ட் நல்லவன்தான், மறுக்கவில்லை. ஆனால் பையனைப் பெற்றவர்கள் நம் வீட்டில் கை நனைக்க விரும்பாதவர்கள் என்று தெரிந்த பிறகு நம் பெண்ணை எப்படி அனுப்புவது? "ஊரைச் சுத்திக் காட்டு தீதி, நல்லாச் சாப்பாடு போடு, மனசு குளிர்ந்து இங்க வரட்டும், கல்யாணத்தைக் கல்கத்தாலயே வெச்சுக்கலாம்னு நான் பேசிக்கறேன்" என்றாய். சுற்றிக் காட்டினேன். சாப்பாடு போட்டேன். அதன் பலனைக் கேள்.

வந்து இறங்கிய அன்று அவர்கள்மேல் நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். இருவரும் ஏணியை நட்டுவைத்த மாதிரி உயரம். நம் வாசல் நிலையில் பையனின் அப்பா ஹெண்ட்ரிக் தலையை இடித்துக்கொண்டார். இடித்தவர் திட்டாமல், நிலையைத் தட்டிப் பார்த்து, "நல்ல மரம்" என்றார். எனக்கு அப்போதே அவரைப் பிடித்துப்போயிற்று, அதை இப்போது திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அவர் மனைவி லீஸ்பெத் ஒரு பள்ளிக்கூடத்தில் நர்சாக இருந்து ஓய்வு பெற்றவராம். உள்ளே வந்ததும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் விடவே இல்லை. பாசம் என்று நினைத்தேன். தோர்ஷா சொல்லிக்கொடுத்தாளாம், அவளைப் போலவே என்னை "பிஷி" என்று கூப்பிட்டார்கள். தலை நரைத்த ஆறடி மனிதருக்கு நான் எப்படி அத்தை ஆவேன்? ஆனாலும் விருந்தாளி என்று பொறுத்துக்கொண்டேன்.

முதல் நாள் மதியச் சாப்பாடு. சுக்தோவில் தொடங்கினேன். பாகற்காய், வாழைக்காய், முருங்கைக்காய் எல்லாம் சமையற்காரி சபிதாவின் பக்கத்தில் நின்று நானே சொல்லிச் செய்ய வைத்தது. கசப்பில் தொடங்கி இனிப்பில் முடிப்பதற்குப் பெயர்தான் சாப்பாடு என்பது எல்லோருக்கும் தெரியும் என்று இத்தனை காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். இவர்கள் அந்தக் கசப்புக் கறி ஒன்றுதான் சாப்பாடு என்று நினைத்து, முகத்தைச் சுளிக்காமல், மலையாகச் சோற்றைப் போட்டுப் பிசைந்து சாப்பிட்டு முடித்து, எழுந்தே விட்டார்கள். "ரொம்ப நன்றி பிஷி. மருந்துன்னு தெரியுது, உடம்புக்கு நல்லதாத்தான் இருக்கும்" என்றார் லீஸ்பெத். "உட்காருங்க, இன்னும் சாப்பாடே ஆரம்பிக்கல" என்றேன். பருப்பு வந்தது, கத்தரிக்காய் வறுவல் வந்தது, கடுகு அரைத்த மீன் வந்தது. ஆட்டுக்கறி வந்தபோது ஹெண்ட்ரிக் இடுப்பு வாரை ஒரு துளை தளர்த்தினார். "போதும் பிஷி" என்றார். போதும் என்று சொல்லாத விருந்தாளி உண்டா? வைத்தேன். "நிஜமாவே போதும்" என்றார். மரியாதை தெரிந்தவர் என்று மகிழ்ந்து இன்னும் இரண்டு துண்டு வைத்தேன். கடைசியில் இரண்டு கையாலும் தட்டை மூடிக்கொண்டு "வேண்டாம்!" என்று கூவினார். சபிதா விரல் இடுக்கு வழியாகக் குழம்பை ஊற்றினாள். "எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான் மா பிகு பண்ணுவாரு. வெச்சாச் சாப்பிடுவாரு" என்றாள். சாப்பிட்டார். தட்டில் மீதம் வைக்கக்கூடாது என்று அவர்கள் ஊரில் அடித்து வளர்ப்பார்களாம், அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. காலியான தட்டைப் பார்த்தால் நான் என்ன செய்வேன்? அவர் காலி செய்யச் செய்ய நான் நிரப்பினேன்.

இதற்கு நடுவில் லீஸ்பெத் கேட்டார், "நீங்க உட்காரலையா பிஷி?"

"நான் அப்புறம்."

"அப்புறம்னா எப்போ?"

நம் வீட்டில் யாராவது இப்படிக் கேட்டது உண்டா, துலு? பரிமாறுகிறவள் எப்போது சாப்பிடுவாள் என்று விருந்தாளி விசாரிப்பதாவது! "அப்புறம்னா அப்புறம்" என்று சொல்லி ரசகுல்லாவைக் கொண்டுவரச் சொன்னேன்.

மறுநாள் ஊர் சுற்றல். விக்டோரியா நினைவு மண்டபத்தை லீஸ்பெத் அண்ணாந்து பார்த்துவிட்டு, "இந்த ராணி இங்க எத்தனை வருஷம் இருந்தாங்க?" என்று கேட்டார். ராணி இந்தியாவுக்கு வந்ததே இல்லை என்றேன். "வராதவங்களுக்கா இவ்வளவு பெரிய வீடு?" என்றார். நான் புல்தரையைக் காட்டினேன். பிறகு பாபுகாட். கங்கைக் கரைக்குப் போனால் எல்லோரும் கங்கையைப் பார்ப்பார்கள், ஹெண்ட்ரிக் கரையைப் பார்த்தார். கடல் உள்ளே வராமல் கரை கட்டுவதுதான் அவருக்கு ஆயுள் முழுவதும் வேலையாம். குனிந்து சுவரைத் தட்டினார், குடையை விட்டு ஆழம் பார்த்தார், படிக்கட்டைக் காலால் அளந்தார். அளக்கிறவரைப் பார்த்தால் நம் ஜனங்கள் சும்மா இருப்பார்களா? கரையைக் காலி செய்ய அரசாங்கம் ஆள் அனுப்பிவிட்டது என்று டீக்கடைக்காரர், எண்ணெய் தேய்க்கிறவர், பூ விற்கிறவள் எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். "சாயேப், எங்க கடையை எடுக்கச் சொல்லிறாதீங்க, எங்க அப்பா காலத்துலேர்ந்து இங்கதான் இருக்கோம்!" ஒரு வார்த்தை புரியாமல் அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிச் சிரித்தார். சம்மதம் கிடைத்துவிட்டது என்று அவர் கழுத்தில் சாமந்தி மாலையைப் போட்டு வாழ்க கோஷம் போட்டார்கள். நான் அவர்களோடு வந்தவள் இல்லை என்பதுபோல் காரில் உட்கார்ந்து நேராகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதெல்லாம் வேடிக்கை, நான் கோபித்துக்கொள்ளவில்லை. கோபம் வந்தது அதற்குப் பிறகு. இருவரும் என் வாயையே பார்க்க ஆரம்பித்தார்கள். நான் என் சைவச் சமையலறையில் பச்சரிசிச் சோறு, ஒரு கரண்டி நெய், ஒரு வேகவைத்த உருளைக்கிழங்கோடு உட்கார்ந்தால், கதவிடுக்கில் லீஸ்பெத்தின் நீலக்கண் தெரிகிறது. மாலையில் அவர்களுக்கு லூச்சிப் பூரியும் சந்தேஷ் இனிப்பும் வைத்துவிட்டு நான் ஒரு கிண்ணம் பொரியும் வெள்ளரித் துண்டும் எடுத்துக்கொண்டால், கணவனும் மனைவியும் அவர்கள் மொழியில் கிசுகிசுக்கிறார்கள். உன் அத்தான் போன நாளிலிருந்து நான் மீனைத் தொடுவதில்லை, ஒருவேளைதான் சோறு. யாரும் சொல்லி நான் விட்டதில்லை. "காலம் மாறிடுச்சு தீதி, சாப்பிடு" என்று நீயே எத்தனை முறை சொன்னாய். நான் முடிவெடுத்தால் எடுத்ததுதான். அதை வந்தவர்களிடம் எல்லாம் விளக்கிக்கொண்டிருப்பது எனக்குப் பழக்கமில்லை.

பிறகு அவர்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். ஆமாம், நிறுத்திவிட்டார்கள்! காலையில் ஒரு ரொட்டித் துண்டு. மதியம் "பசியில்லை". புதிதாய்க் காய்ச்சிய ஈச்ச வெல்லத்தில் செய்த சந்தேஷைக் கத்தியால் இரண்டாக வெட்டி ஆளுக்குப் பாதி. மீதியை என் பக்கம் நகர்த்தி, "நீங்க எடுத்துக்குங்க பிஷி, தயவுசெய்து" என்கிறார்கள். தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை போலும் என்று கவலைப்பட்டு நான் எலுமிச்சைச் சாறு பிழிந்துகொண்டிருக்கும்போது சபிதா வந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள்.

"என்னடி சிரிப்பு?"

"மா, உங்க சாயேபும் மேம்சாயேபும் தெருமுனையில நிக்கறாங்க. கையில ஆளுக்கொரு முட்டை ரோல். பூரி விக்கற புச்காக்காரன் கடையில புளித்தண்ணி வழிய வழிய வாயைத் திறந்துக்கிட்டு நிக்கறாங்க. அவன் போடப் போட முழுங்கறாங்க. ஊரே பாக்குது."

"பசியில்லன்னாங்களே!"

"உங்க கைச் சாப்பாட்டுக்குப் பசியில்லயோ என்னவோ" என்றாள். அவளை வேலையை விட்டு நிறுத்தினேன். ரயில் நேரமாகிவிட்டது என்று போய்விட்டு மறுநாள் காலையில் எப்போதும்போல் வந்துவிட்டாள், அது வேறு கதை.

நீயே சொல். ஏழு வகை சமைத்து வைத்த வீட்டை விட்டுத் தெருவில் நின்று சாப்பிட்டால் அதற்கு என்ன பொருள்? நேற்று ஏகாதசி. "இன்னிக்கு நீங்க என்ன சாப்பிடறீங்க பிஷி?" என்று காலையிலேயே கேட்டார் லீஸ்பெத். "ஒண்ணும் இல்ல" என்றேன். விரதத்தை எடுத்துச் சொன்னால் பெருமையடித்துக்கொள்வதாக ஆகும், அதனால் அவ்வளவோடு நிறுத்திக்கொண்டேன். அவர் முகம் வெளுத்துப் போயிற்று. மறுபடியும் என் மணிக்கட்டைப் பிடித்தார். மாலையில் இருவரும் கை கழுவி, தலை வாரி, விசாரணைக் கமிஷன் மாதிரி என் எதிரில் வந்து உட்கார்ந்தார்கள்.

ஹெண்ட்ரிக் சொன்னார்: "பிஷி, நாங்க ஒரு முடிவு பண்ணியிருக்கோம். கல்யாணத்தை எங்க ஊர்லயே வெச்சுக்கலாம். நகராட்சி ஆபீஸ்ல, சின்னதா. முப்பது பேர். ரொட்டி, சீஸ், சூப். எல்லாருக்கும் அதுதான் சுலபம்."

லீஸ்பெத் என் கையைத் தட்டிக்கொடுத்து, "முக்கியமா உங்களுக்குத்தான் அது நல்லது" என்றார்.

எனக்கு நல்லதாம்! என்னை விமானத்தில் ஏற்றக்கூடாது என்று மருத்துவர் சொல்லியிருப்பது உனக்குத் தெரியும். ஆக, தோர்ஷா மணமேடையில் உட்கார்வதை நான் பார்க்காமல் இருப்பது எனக்கு நல்லது. கல்லூரிக் காலம் முழுவதும் இந்த வீட்டில்தான் இருந்தாள், காய்ச்சல் வந்தால் என் கட்டிலில் வந்து படுத்துக்கொள்வாள், அவளுடைய பழைய செருப்புகூட இன்னும் மாடிப்படியின் கீழே இருக்கிறது. அவள் கல்யாணத்தில் சூப் குடிப்பார்கள், நான் இங்கே புகைப்படம் பார்ப்பேன். "உங்க இஷ்டம்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

அதோடு விட்டார்களா? இன்று காலை நடந்ததைக் கேள். ஹெண்ட்ரிக் விடிந்ததும் கேயா வீட்டுச் சைக்கிளைக் கேட்டு வாங்கிக்கொண்டு மீன் சந்தைக்குப் போயிருக்கிறார். யாருக்கு மீன் என்று மீன்காரர் அரைகுறை ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறார். "என் மகன் கட்டிக்கப்போற பொண்ணோட வீட்டுக்கு" என்று இந்த மனிதர் உள்ளதைச் சொல்லியிருக்கிறார். மீன்காரர் சும்மா விடுவாரா? இருப்பதிலேயே பெரிய ரோகுவாக எடுத்து, கல்யாணச் சீர் மீனுக்குச் செய்வதுபோல் சிவப்புச் சல்லாத் துணியில் சேலை கட்டி, நெற்றியில் குங்குமம் வைத்து, தங்கக் காகிதத்தில் மூக்குத்தி மாட்டி, வாயில் வெற்றிலையைச் செருகி அனுப்பிவிட்டார். இந்த ஊரில் மீனை இப்படித்தான் கட்டிக்கொடுப்பார்கள் என்று ஹெண்ட்ரிக் நினைத்துக்கொண்டாராம்! மாப்பிள்ளையைப் பெற்றவர் சைக்கிள் மிதிக்க, முன்கூடையில் மூக்குத்தி போட்ட மீன் ராணி மாதிரி நேரே பார்த்துக்கொண்டு வர, பின்னால் டீக்கடைக் கூட்டம் வர, நம் தெருவில் நுழைந்திருக்கிறார். கேயா மாடியிலிருந்து பார்த்துவிட்டாள்.

"மாசிமா! மாப்பிள்ளை வீட்டுச் சீர் வந்தாச்சு! எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே! மாப்பிள்ளை அப்பாவே எடுத்துக்கிட்டு வர்றாரு பாருங்க!"

சொல்லிக்கொண்டே சங்கை எடுத்து ஊதிவிட்டாள். எதிர்வீடு, பக்கத்து வீடு, தையல்கடை எல்லா இடத்திலிருந்தும் குலவைச் சத்தம். ஹெண்ட்ரிக் சைக்கிளை நிறுத்தி நாலு பக்கமும் குனிந்து வணங்கினார். லீஸ்பெத் பால்கனியில் நின்று கைதட்டினார். முந்தின நாள் மாலை நம் வீட்டில் கல்யாணம் வேண்டாம் என்று சொன்னவர்கள், மறுநாள் காலை ஊர் பார்க்கச் சீர் மீனைக் கொண்டுவந்து கேலி செய்தால் அதை என்னவென்று சொல்வது? கல்யாணம் ஹாலந்தில் என்று இனி இந்தத் தெருவில் எந்த முகத்தோடு சொல்வேன்?

அதற்கு மேல் ஒன்று. உள்ளே வந்த மனிதர் சபிதாவின் சமையலறையைத் தாண்டி, பூஜையறையைத் தாண்டி, நேராக என் சைவச் சமையலறைக்குள் நுழைந்து, என் அரைக்கும் கல்லின்மேல் அந்த மீனைக் கிடத்தினார். வெங்காயம்கூடப் படாத கல், துலு! "இது உங்களுக்கு பிஷி. முழுக்க முழுக்க உங்களுக்கு மட்டும்" என்றார். கோபம் வந்தால் ஒரு பெண் குரலைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும் என்று மதர் பெர்னடெட் சொல்லிக்கொடுத்திருக்கிறார். நான் தாழ்த்திய தாழ்வில் யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. அறைக்குள் வந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு இதை எழுதுகிறேன். வெளியே சபிதா கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறாள். "மா, மேம்சாயேப் அருவாமனை கேக்கறாங்க, குடுக்கவா? உக்காரத் தெரியாம நின்னுக்கிட்டே அறுக்கறேங்கறாங்க, கால்விரல் போயிரும்!"

ஆகவே தாமதிக்காமல் வா. கேயாவிடமும் தெருக்காரர்களிடமும் நீயே சொல்லிக்கொள். தோர்ஷாவுக்கு என் ஆசிகள், அவள்மேல் எனக்கு வருத்தம் ஏதுமில்லை. உன் மனைவிக்கு அன்பு. குளிர் ஏறுகிறது, காதை மூடிக்கொண்டு வெளியே போ. அன்னை உங்கள் எல்லோரையும் காப்பாற்றட்டும்.

என்றும் உன் நலம் கோரும் அக்கா,
நீலிமா பாதுரி

பின்குறிப்பு: மேலே எழுதியதில் முழங்காலைப் பற்றியதைத் தவிர வேறு எதையும் நம்பாதே. கிழித்துப் போட்டிருப்பேன், ஆனால் இவ்வளவு நல்ல கையெழுத்தை வீணாக்க மனம் வரவில்லை. உறை தேடிக் கதவைத் திறந்தேன். வாசலிலேயே லீஸ்பெத் தட்டோடு நின்றிருந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"சாப்பிடுங்க பிஷி. நீங்க சாப்பிடறதை நான் பார்க்கணும்."

"நான் மீன் சாப்பிடறதில்ல."

"எங்களுக்குக் குடுக்கறதுக்காகத்தானே? தெரியும். எல்லாத்தையும் எங்க தட்டுல வெச்சுட்டு நீங்க ஒரு உருளைக்கிழங்கு. சாயங்காலம் பொரி. நேத்து அதுவும் இல்ல. நாங்க தின்னே உங்களைப் பட்டினி போட்டுட்டோம். உங்க சாப்பாடு மிஞ்சட்டும்னுதான் தெருவுல சாப்பிட்டோம். உங்க நாடி தினமும் பார்க்கறேன், எனக்கு ராத்திரி தூக்கமே இல்ல!"

நான் பட்டினியாம்! அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், முந்தானைச் சாவியால் உக்கிராண அறையைத் திறந்து காட்டினேன். அரிசிக் குதிர், நெய் ஜாடி, வெல்லப் பானை, பருப்பு, ஊறுகாய் வரிசை. ஏகாதசி, விதவை, விரதம் எல்லாவற்றையும் நின்ற இடத்திலேயே விளக்கிவிட்டேன், அதுவும் முழு வாக்கியங்களில். ஹெண்ட்ரிக் எட்டிப் பார்த்தார். பிறகு இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு சிரித்தார்கள், எனக்கு இருமல் வந்தது. நானும் சிரித்தேன் என்று சபிதா சொல்லித் திரிகிறாள், அது இருமல்தான்.

"எங்களுக்குக் கல்யாணத்தை இந்த வீட்டுலதான் வைக்கணும்னு முதல் நாளே ஆசை பிஷி" என்றார் ஹெண்ட்ரிக். "ரெண்டு பேர் சாப்பிட்டதுக்கே உங்களுக்கு இந்தக் கதின்னா, முந்நூறு பேர் வந்து உட்கார்ந்தா நீங்க என்ன ஆவீங்கன்னுதான் பயந்தோம்."

"முந்நூறா? நானூத்தி அம்பது" என்றேன்.

என் சமையலறையைக் கங்கை நீர் விட்டுக் கழுவியாயிற்று. கழுவியவர் ஹெண்ட்ரிக். தண்ணீர் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பது அவருக்கு நன்றாகத் தெரிகிறது. மீன் கேயாவின் அடுப்பில் இருக்கிறது, தெரு முழுவதற்கும் அழைப்பு போயாயிற்று. என் பச்சரிசிச் சோற்றை நான் அவர்களோடு மேஜையில் உட்கார்ந்தே சாப்பிட்டேன், சாப்பிடும்வரை லீஸ்பெத் என் மணிக்கட்டிலிருந்து கையை எடுக்கவில்லை. கேயா புரோகிதரையும் வரவழைத்துவிட்டாள், பால்குன மாதத்தில் நாள் குறித்தாகிவிட்டது.

ஆகவே நீ அவசரமாக யாரையும் அழைத்துப்போக வர வேண்டாம். அவர்கள் இங்கேயே இருக்கட்டும், பந்தல்காரரைப் பார்க்க வேண்டியிருக்கிறது. அங்கே அவர்களோடு என்ன பேசுவது, எப்படிச் சம்மதிக்க வைப்பது என்றெல்லாம் நீ யோசித்து வைத்திருப்பாய். அந்தச் சிரமம் இனி இல்லை. உன் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனாலும் நீ பெண்ணைப் பெற்றவன், ஊரெல்லாம் சாப்பிட்டு முடிப்பதற்குள் உனக்கும் ஒரு தகவல் சொல்லிவிடுவதுதான் முறை.